நின்றால் இறங்கும், நடந்தால் ஏறும்

நேராக நிற்கும் ஒருவரின் புறங்காலில் ஓடும் சிரைக்குள் ஊசியைச் செருகி அழுத்தத்தை அளந்தால், ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு காட்டும். அவரையே படுக்கவைத்து அளந்தால் அது 10-ஐ ஒட்டி இறங்கிவிடும். எழுந்து நடக்கச் சொல்லி, நடக்கும்போதே அளந்தால் சில எட்டுகளிலேயே 30-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆளும் ஒருவர்தான், சிரையும் ஒன்றுதான். காலின் வடிகால் எப்படி வேலை செய்கிறது, எப்போது கெட்டுப்போகிறது என்பதெல்லாம் இந்த மூன்று எண்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

அந்த 90 எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. கணுக்காலுக்கும் இதயத்துக்கும் நடுவே சுமார் 120 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்கு நிற்கும் ரத்தத்தின் எடைதான் அது. இதைக் காட்டி, புவியீர்ப்பை எதிர்த்து ரத்தத்தை மேலேற்ற இதயத்தால் முடியவில்லை என்று பல புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. அது பாதி உண்மை. தமனி வழியாக இறங்கும் ரத்தத்துக்கும் அதே 120 சென்டிமீட்டரின் எடை துணைக்கு வருகிறது. இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் ஒரே உயரம். ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடும். அசையாமல் நின்றாலும் ஓட்டம் நின்றுபோவதில்லை.

சிக்கல் குழாயின் சுவரில் இருக்கிறது. தமனியின் சுவர் தடிப்பானது, எளிதில் விட்டுக்கொடுக்காது. சிரையின் சுவர் மெல்லியது. அழுத்தம் ஏற ஏற அகன்று கொடுக்கும். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் கீழே இறங்கி, அகன்றுவிட்ட சிரைகளில் தங்கிக்கொள்கிறது. அதோடு, நுண்ணிய ரத்த நாளங்களின் சுவர் வழியாக நீரும் வெளியே கசியத் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் வெயிலில் விறைப்பாக நிற்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவன் திடீரென்று சரிந்து விழுவான். சாப்பிடாமல் வந்திருப்பான் என்பார்கள். அதுவும் இருக்கலாம், ஆனால் காலை அசைக்காமல் நின்றதில் ரத்தம் கீழேயே தங்கி, மூளைக்குப் போவது குறைந்ததுதான் பெரும்பாலும் காரணம். தரையில் விழுந்ததும் தானாகவே தெளிந்துவிடுவான், ஏனென்றால் படுத்தவனுக்கு அந்த 120 சென்டிமீட்டர் கிடையாது. அவசரப்பட்டுத் தூக்கி உட்காரவைப்பதுதான் தவறு. படுத்தபடியே விட்டு, கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும்.

90-ஐ 30-ஆகக் குறைப்பது கெண்டைக்காலின் சதை. ஊரில் ஆடுசதை என்பது இதைத்தான். வெளியே பிதுங்கித் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அதற்கு அடியில் அகலமாகவும் தட்டையாகவும் படிந்திருப்பது சோலியஸ். சோலியஸுக்குள், ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இல்லாத அகன்ற சிரைப் பைகள் உண்டு. ரத்தம் அவற்றில் வந்து நிறைகிறது. இந்தச் சதைகளைச் சுற்றி, எளிதில் விரியாத ஓர் இறுக்கமான உறை இருக்கிறது. எட்டு எடுத்துவைத்துக் குதிகால் தரையை விட்டு எழும்போது சதை இறுகுகிறது. வெளியே உப்ப இடமில்லாததால் உள்ளே இருக்கும் சிரைகளை நசுக்குகிறது. மற்றச் சிரைகளில் உள்ள வால்வுகள் கீழே விடாததால் ரத்தம் மேலே போகிறது. சதை தளர்ந்ததும் காலியான சிரைக்குக் கீழிருந்தும் தோலடியிலிருந்தும் ரத்தம் வந்து சேர்கிறது. தெருமுனை அடிபம்பு மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்கே கைப்பிடிக்குக் கீழே இன்னொரு குட்டிப் பம்பும் உண்டு. உள்ளங்காலின் ஆழத்தில் ஓடும் சிரைகள், காலை ஊன்றும்போதே உடம்பின் எடையால் பிழியப்பட்டுக் கெண்டைக்காலுக்கு முதல் தவணையை அனுப்பிவிடுகின்றன.

நடையை நிறுத்தினால் அழுத்தம் உடனே பழையபடி ஏறிவிடாது. நல்ல சிரைகள் உள்ளவருக்குக் கால் மறுபடி நிறைய 20 நொடிக்கு மேல் ஆகும், ஏனென்றால் நுண்நாளங்கள் வழியாகத்தான் சிறுகச் சிறுக வந்து சேர வேண்டும். வால்வு கெட்டவருக்குச் சில நொடிகளே போதும். மேலே போன ரத்தமே திரும்பி விழுந்துவிடுகிறது.

காலில் சிரைகள் இரண்டு தளங்களில் ஓடுகின்றன. ஆழத்தில், தமனிகளை ஒட்டி, சதைகளுக்கு நடுவே போவன ஒரு தளம். முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு தமனிக்கும் இருபுறமும் இரண்டு சிரைகளாகக் கூடவே வந்து, முழங்காலுக்குப் பின்னே ஒன்றுசேர்ந்து, தொடைச் சிரையாகி, இடுப்புக்குள் நுழைகின்றன. காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை இந்த ஆழ்வழியில்தான் திரும்புகிறது. தோலுக்கு அடியில் ஓடுவது இரண்டாவது தளம். கண்ணுக்குத் தெரிவதும், கவலைப்பட வைப்பதும், அழகு நிலைய விளம்பரங்களில் வருவதும் இதுதான். சுமப்பதோ மிச்சமுள்ள ஒரு பங்கு.

அந்த மேல்தளத்தின் பெரிய சிரையை நீங்களே கண்டுபிடிக்கலாம். நின்றுகொண்டு, உள்கணுக்கால் எலும்பு மேட்டுக்குச் சற்று முன்னால் விரலை வையுங்கள். மெலிந்தவராக இருந்தால் மெத்தென்ற ஒரு குழாய் விரலுக்கு அடியில் உருளும். பெரிய சஃபீனஸ் சிரை. உடம்பிலேயே நீளமான சிரை இதுதான். புறங்காலின் உள்விளிம்பில் தொடங்கி, உள்கணுக்காலுக்கு முன்னால் ஏறி, முழங்காலின் உள்பக்கம் சற்றுப் பின்னே ஒதுங்கி, தொடையின் உட்புறமாக மேலேறி, தொடை இடுக்குக்குக் கொஞ்சம் கீழே உறையில் உள்ள ஓர் இடைவெளி வழியாக உள்ளே முழுகித் தொடைச் சிரையில் சேர்கிறது. இதற்கு ஒரு சிறிய துணை உண்டு. அது வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் தொடங்கி, கெண்டைக்காலின் நடுவே ஏறி, பெரும்பாலும் முழங்காலின் பின்குழியில் முடியும்.

கணுக்காலுக்கு முன்னால் சிரை இருக்கும் அந்த இடம் எல்லோருக்கும் மாறாமல் அங்கேயே இருக்கும். அதனால்தான், ரத்தம் இழந்து கைச் சிரைகள் எல்லாம் சுருங்கிப்போன நோயாளிக்கு, அந்த இடத்தில் தோலைச் சற்றே கீறிக் குழாய் செருகுவதை மருத்துவர்கள் காலங்காலமாகச் செய்துவந்தார்கள். பக்கத்திலேயே ஒரு நரம்பும் ஓடுகிறது. கவனமில்லாமல் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பாதத்தின் உள்விளிம்பில் வலி.

பைபாஸ் செய்துகொண்டவரின் காலில் நீளமாக ஒரு தழும்பைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சில் நோய் என்றால் காலை ஏன் அறுத்தார்கள் என்று கேட்காத உறவினர் இல்லை. அறுத்து எடுத்தது இந்தச் சிரையைத்தான். அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்கா போன ரெனே ஃபவலோரோ, கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 1967-இல் இதை எடுத்து அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி போட்டார். எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறித்துவிடும். ஆழச் சிரைகள் நன்றாக இருந்தால் இந்தச் சிரை இல்லாமலும் கால் பிழைத்துக்கொள்ளும்.

வால்வு என்பது சிரையின் உள்சுவரிலிருந்து மடிந்து நிற்கும் இரண்டு மெல்லிய இதழ்கள். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபப்ரீசியஸ் 1574-இல் இவற்றைக் கவனித்தார், 1603-இல் படங்களோடு நூலாக வெளியிட்டார். படங்கள் துல்லியமானவை, விளக்கம்தான் தவறிப்போனது. கல்லீரலில் ஊறும் ரத்தம் சிரைகள் வழியாக உறுப்புகளுக்குப் போகிறது என்று நம்பிய காலம் அது. ரத்தம் மொத்தமும் பாதத்தில் வந்து கொட்டிவிடாமல் வேகத்தைக் குறைக்கவே இந்த இதழ்கள் என்று அவர் நினைத்தார். அவரிடம் படித்து 1602-இல் பட்டம் பெற்ற ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி, ஆசிரியரின் படங்களையே வைத்துக்கொண்டு எதிர்முடிவுக்கு வந்தார். 1628-இல் வெளியான அவரது நூலில் உள்ள சோதனையை வீட்டில் யாரும் செய்யலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியைக் கட்டி முன்கைச் சிரை புடைத்ததும், ஒரு விரலால் அதை ஓரிடத்தில் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி சிரையில் வால்வு இருக்கும் அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை ரத்தத்தை வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். இடைப்பட்ட பகுதி காலியாகவே கிடக்கும். மேலிருந்து ஒரு சொட்டு திரும்பி வராது. முதல் விரலை எடுத்த கணமே கீழிருந்து நிறையும். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு தீர்மானமான சோதனை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இதழ்கள் இருக்கும் இடங்களில் மிக முக்கியமானவை, மேல்தளத்தையும் ஆழ்தளத்தையும் இணைக்கும் குறுக்குச் சிரைகள். உறையைத் துளைத்துக்கொண்டு போவதால் துளைச் சிரைகள் என்று பெயர். ரத்தம் தோலடியிலிருந்து ஆழத்துக்குப் போகலாம், திரும்பி வரக்கூடாது என்பது அங்கே விதி. அந்த விதி மீறப்படும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். சதை ஒவ்வொரு முறை இறுகும்போதும் உள்ளே எழும் அழுத்தம், துளை வழியாக நேரே தோலடிச் சிரையில் போய் மோதும். ரத்தத்தை மேலேற்ற வேண்டிய பம்பே தோலை நோக்கி அடிக்கும். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே இந்தத் துளைகள் நெருக்கமாக இருப்பதால், அங்கேதான் தோல் முதலில் கறுக்கிறது, தடிக்கிறது, கடைசியில் புண்ணாகிறது. கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து தோலில் படிவதுதான் அந்தக் கருஞ்செம்பழுப்பு நிறம். அந்தப் புண்ணுக்குக் களிம்பை மாற்றி மாற்றிப் போட்டு வருடக்கணக்கில் அலைபவர்கள் நிறைய. தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்தால்தான் அது ஆறும். நோய் அழுத்தத்தில் இருக்கிறது, தோலில் இல்லை.

நரம்பு சுருட்டல் என்று நம் ஊரில் சொல்லும் வெரிகோஸ் சிரை நோயும் இதே குடும்பம்தான். இடுப்புக்கு மேலே, வயிற்றின் பெருஞ்சிரையில், வால்வே கிடையாது. ஆக, இதயத்திலிருந்து தொடை இடுக்குவரை உள்ள உயரத்தின் சுமை முழுவதையும் அங்கே இருக்கும் ஓரிரு வால்வுகள் தாங்க வேண்டும். அவை விட்டுவிட்டால் அடுத்த வால்வின் மேல் சுமை. அதுவும் விட்டால் அதற்கடுத்தது. வால்வு முதலில் கெடுகிறதா, சிரையின் சுவர் முதலில் தளர்ந்து வால்வைப் பிரிக்கிறதா என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நெடுநேரம் நிற்கும் வேலைக்கும் உண்டு. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை புடவையை விரித்துக் காட்டும் பெண் நடப்பது கொஞ்சம், நிற்பது மிச்சமெல்லாம். 90 என்ற அந்த எண் அவருடைய கணுக்காலில் நாள் முழுக்க நிற்கிறது. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, நாற்காலி எல்லாக் கடைக்கும் வந்துவிட்டதா என்பதை அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆழச் சிரையில் ரத்தம் கட்டியாக உறைவது வெரிகோஸைவிட ஆபத்தானது. பெரும்பாலும் சோலியஸின் அந்தச் சிரைப் பைகளில், ஓட்டம் மந்தமான இடத்தில், தொடங்குகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையிலேயே கிடப்பவருக்கும், நீண்ட விமானப் பயணத்தில் காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் வருவது இதனால்தான். கட்டி பிய்ந்து மேலே போனால் இதயத்தைக் கடந்து நுரையீரலில் போய் அடைக்கும். இந்த நோய் வலது காலைவிட இடது காலில் அதிகம் வரும் என்பதற்கு உடற்கூற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இடது காலிலிருந்து வரும் சிரை வயிற்றுக்குள் பெருஞ்சிரையில் சேரும் முன், வலது காலுக்குப் போகும் தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நுழைந்து போக வேண்டும். தமனி அதன்மேல் ஓயாமல் துடித்து அழுத்துகிறது. மே, தர்னர் என்ற இருவர் 1957-இல், அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு போன்ற மடிப்புகள் உண்டாவதைக் காட்டினார்கள்.

இதுவரை சொன்னது ரத்தம் திரும்பும் கதை. காலிலிருந்து திரும்புவது ரத்தம் மட்டும் இல்லை.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் இருப்பது பாதத்தில், வலிப்பது இடுக்கில். ஏன் என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் "அது அப்படித்தான்" என்பார்கள். அந்த நெறிதான் நிணநீர்க்கணு. பாதத்திலிருந்து அதுவரை, பெரிய சஃபீனஸ் சிரையை ஒட்டியே, தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த நிணநீர் நாளங்கள் ஓடுகின்றன. கிருமி அந்த வழியில் ஏறி, முதல் சுங்கச்சாவடியில் மாட்டிக்கொள்கிறது.

நுண்நாளங்களிலிருந்து கசியும் நீரில் பெரும்பகுதி சிரைப் பக்க முனையில் திரும்ப உறிஞ்சப்படுகிறது, மிச்சம் மட்டுமே நிணநீராகிறது என்றுதான் என் தலைமுறை படித்தது. எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. இப்போது அதைத் திருத்தியிருக்கிறார்கள். பெரும்பாலான திசுக்களில் அப்படி நிலையாகத் திரும்ப உறிஞ்சுவது நடப்பதில்லை. கசிந்ததில் பெரும்பங்கைத் திருப்பிக் கொண்டுவருவது நிணநீர் நாளங்களே. உடம்பு முழுவதும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 லிட்டர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பாதி கணுக்களிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கசிந்து வெளியேறிய புரதத்துக்கோ நிணநீரை விட்டால் வேறு வழி கிடையாது.

நிணநீர் நாளத்துக்குச் சொந்தமாகவே ஒரு துடிப்பு உண்டு. சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வு. இரண்டு வால்வுகளுக்கு நடுவே உள்ள துண்டின் சுவரில் தசை. ஒவ்வொரு துண்டும் நிமிடத்துக்குச் சில முறை தானாகச் சுருங்கி அடுத்த துண்டுக்கு நீரைத் தள்ளும். நீங்கள் தூங்கும்போதும் அது நடக்கிறது. நடந்தால் சதையின் அழுத்தமும் சேர்ந்து வேகம் கூடும். சிரைகளைப் போல ஆடுசதையை அவ்வளவாக நம்பியிராத அமைப்பு இது.

பாதையும் வேடிக்கையானது. பாதத்தின் உட்புறமும் காலின் முன்புறமும் நேரே தொடை இடுக்கின் செங்குத்து வரிசைக் கணுக்களுக்குப் போகும். பாதத்தின் வெளிவிளிம்பும் குதிகாலும் முன்பு சொன்ன சிறிய துணைச் சிரையைப் பின்பற்றி, முதலில் முழங்காலின் பின்குழியில் உள்ள கணுக்களுக்குப் போகும். இடுக்கில் கிடைமட்டமாக இன்னொரு வரிசை இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோல், புட்டம், பிறப்புறுப்பின் தோல், ஆசனவாயின் கீழ்ப்பகுதி ஆகியவை அங்கே வந்து சேரும். ஆகவே நெறி கட்டியவருக்குக் காலை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் மருத்துவர் பாதிதான் பார்த்திருக்கிறார். விரை மட்டும் விதிவிலக்கு. கருவில் அது வயிற்றின் பின்சுவரில் உருவாகிக் கீழிறங்குவதால் அதன் நிணநீர் அங்கேயே திரும்புகிறது. விரைப் புற்று முதலில் இடுக்கில் கட்டாது, வயிற்றுக்குள் கட்டும். இடுக்கைத் தாண்டிய நிணநீர் இடுப்பு, வயிறு, நெஞ்சு வழியாக ஏறி, மார்பு நாளமாகி, இடது கழுத்தின் அடியில் சிரையில் கலக்கிறது. வலது பெருவிரலின் நிணநீரும் இடது கழுத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

இந்த நிணநீர் நாளங்களுக்குள் குடியிருந்து யானைக்கால் நோயை உண்டாக்கும் ஒரு புழு உண்டு. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், நூல் போல மெலிந்தது. அது ஈனும் நுண்குஞ்சுகள் இரவில்தான் தோலோர ரத்தத்துக்கு வரும், ஏனென்றால் அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிப்பது இரவில். தஞ்சைப் பக்கத்து முதியவர்களைக் கேட்டால், சுகாதாரத் துறையினர் ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்ததைச் சொல்வார்கள். கல்கத்தாவில் திமோதி லூயிஸ் 1872-இல் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைக் கண்டார். சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மேன்சன், நோய் கண்ட தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்கவிட்டு, 1877-இல் அந்தக் கொசுவுக்குள் குஞ்சுகள் வளர்வதைப் பார்த்தார். ஒரு மனித நோய்க்கிருமி பூச்சிக்குள் வளர்வதை முதன்முதலில் பார்த்தவர் அவர்தான். ஆனால் கொசு நீரில் விழுந்து செத்து, அந்த நீரைக் குடிப்பதால் நோய் பரவுகிறது என்று நினைத்துவிட்டார். கடியால்தான் பரவுகிறது என்பது தெளிவாக 1900 ஆயிற்று.

புழு இருக்கும் நாளம் அகன்று, துடிப்பை இழந்து, வால்வு பொருந்தாமல் போகிறது. நீரும் புரதமும் தோலில் தேங்குகின்றன. தேங்கிய புரதம் நாரையும் கொழுப்பையும் வளர்க்கிறது. தொடக்கத்தில் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம், பிறகு குழி விழாமல் கெட்டிப்படும். பாதத்தின் இரண்டாவது விரல் தொடங்கும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நல்ல காலில் மடிப்பாக எழும். எழாவிட்டால் நிணநீர் வீக்கம் என்று அநேகமாக முடிவு செய்துவிடலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்து ரத்தத்தில் உள்ள குஞ்சுகளை அழிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 1996-இல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கியது. இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. மாத்திரை புதிய நோயைத் தடுக்கும். ஏற்கெனவே வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது.

அந்தக் காலை மேலும் பெருக்கவைப்பது பெரும்பாலும் புழு அல்ல, சாதாரணக் கிருமிகள். விரல் இடுக்கில் வெடிப்பு விழும், அதன் வழியாகக் கிருமி நுழையும், குளிர்க் காய்ச்சல் வரும், கால் சிவந்து எரியும். ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் நாளங்களில் சில கெடும். இதைத் தடுக்கச் சோப்பும் தண்ணீரும் ஒரு காய்ந்த துணியும் போதும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யானைக்கால் உள்ள பெரியவர் யாராவது இருந்தால், அவரால் குனிந்து தன் விரல் இடுக்கைப் பார்க்க முடியாது. நீங்கள் பாருங்கள். தினமும் கழுவி, ஒவ்வொரு இடுக்காக ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வெடிப்பு இருந்தால் மருந்து போடுங்கள். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு முக்காலியில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். முடிந்த அளவு நடக்கவும் சொல்லுங்கள்.